சூ ஏன் திரும்பிப் போனாள்? ஒரு விக்டோரியா கால நாவலும் அதற்குள் இருக்கும் விவாகரத்துச் சட்டமும்

தாமஸ் ஹார்டியின் ‘ஜூட் தி அப்ஸ்க்யூர்’ 1895 நவம்பரில் புத்தகமாக வந்தது. படித்து முடிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். சூ பிரைட்ஹெட் கணவனிடம் வாதாடி, அவருடைய சம்மதத்தோடே வீட்டை விட்டு வெளியேறுகிறாள். விவாகரத்து ஆகிறது. மனதுக்குப் பிடித்தவனோடு குடும்பம் நடத்துகிறாள், பிள்ளைகள் பிறக்கின்றன. பிறகு ஒருநாள், யாரும் இழுத்துப் போகாமலே, தொட்டால் உடம்பு கூசுகிற அதே பழைய கணவனிடம் திரும்பிப் போய் அவரையே இரண்டாம் முறை கல்யாணம் செய்துகொள்கிறாள்.

“குழப்பமான பெண்”, “நரம்புத் தளர்ச்சி”, “ஆசிரியருக்கே பாத்திரம் பிடிபடவில்லை” என்று மூன்று விதமான பதில்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. மூன்றும் போதாது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒருவருக்குக் கல்யாணத்திலிருந்து எப்படி விடுதலை கிடைத்தது, எதை விலையாகக் கொடுத்தால் கிடைத்தது என்று தெரிந்துகொண்டு படித்தால் சூவின் குழப்பம் ஓரளவு கணக்குக்குள் வந்துவிடுகிறது. அதற்கு முதலில் கதை, பிறகு சட்டம்.

கதை, தேவையான அளவு மட்டும்

ஜூட் ஃபாலி அநாதைப் பையன். மேரிகிரீன் என்ற கிராமத்தில் பெரிய அத்தை வீட்டில் வளர்கிறான். ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஃபிலட்சன் பட்டம் வாங்கும் ஆசையில் கிறிஸ்ட்மின்ஸ்டருக்குப் போவதைப் பார்த்து, தானும் ஒருநாள் அங்கே படிக்க வேண்டும் என்று லத்தீனும் கிரேக்கமும் தானாகவே கற்றுக்கொள்கிறான். கிறிஸ்ட்மின்ஸ்டர் என்பது ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஹார்டி வைத்த பெயர். இடையில் பன்றி வளர்க்கும் வீட்டுப் பெண் அரபெல்லா, வயிற்றில் பிள்ளை இருப்பதாகச் சொல்லி அவனைக் கல்யாணத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறாள். அது உண்மையில்லை என்று பின்னால் தெரிகிறது. கொஞ்ச நாளில் அவள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடுகிறாள். அங்கே, முதல் கணவன் உயிரோடு இருக்கும்போதே, இன்னொருவனைக் கட்டிக்கொள்கிறாள்.

ஜூட் கல் தச்சு கற்றுக்கொண்டு கிறிஸ்ட்மின்ஸ்டருக்கு வருகிறான். அங்கே அவனுக்கு உறவுமுறைப் பெண்ணான சூவைச் சந்திக்கிறான். தனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதை அவளிடம் சொல்லாமல் இழுத்தடித்து, மிகத் தாமதமாகச் சொல்கிறான். அந்த அதிர்ச்சியிலும் ஊர்ப் பேச்சிலும் சூ, தன்னைவிடப் பல வயது மூத்த ஃபிலட்சனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். கன்னிகாதானம் போலக் கைபிடித்துக் கொடுக்கும் சடங்கைச் செய்தவன் ஜூட். இந்த ஒரு காட்சியே போதும், இது எப்படிப்பட்ட நாவல் என்று தெரிந்துவிடும்.

மீதிக் கதை, சூ அங்கிருந்து வெளியேறுவதும் திரும்புவதும்தான்.

சட்டம் என்ன சொன்னது?

1857 வரை இங்கிலாந்தில் மறுமணம் செய்துகொள்ளும் உரிமையோடு முழு விவாகரத்து வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டும். பணமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு மட்டுமே அது சாத்தியம். 1857-இன் திருமண வழக்குகள் சட்டம் இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது. 1858 ஜனவரி முதல் நடைமுறை. ஆனால் கதவு எல்லோருக்கும் ஒரே அளவில் திறக்கவில்லை:

1. கணவன் விவாகரத்து கேட்க, மனைவி வேறொருவனோடு உறவு வைத்திருந்தாள் என்று நிரூபித்தால் போதும். மனைவி கேட்க வேண்டுமானால் கணவனின் தகாத உறவு மட்டும் போதாது. கூடவே கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டுப் போனது, இருதாரமணம் போன்ற இன்னொரு குற்றமும் வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வு 1923-இல்தான் நீங்கியது.

2. “எங்களுக்கு ஒத்துவரவில்லை” என்பது காரணமே ஆகாது. இருவரும் மனமொத்துப் பிரிய வழி இல்லை. யாராவது ஒருவர் குற்றவாளி, மற்றவர் குற்றமற்றவர் என்று ஆனால்தான் வழக்கு நிற்கும்.

3. கணவன் தெரிந்தே இடம் கொடுத்திருந்தால் மனு தள்ளுபடி. இருவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு வந்திருந்தாலும் தள்ளுபடி.

4. 1860-இலிருந்து, முதலில் இடைக்காலத் தீர்ப்பு, பிறகே இறுதித் தீர்ப்பு. 1866 முதல் அந்த இடைவெளி ஆறு மாதம். அதற்குள் ஏதாவது மறைக்கப்பட்டது என்று தெரிந்தால் குயின்ஸ் ப்ராக்டர் என்ற அரசு வழக்கறிஞர் தலையிட்டுத் தீர்ப்பைக் கலைக்கலாம்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் படியுங்கள். சண்டையில்லாமல், ஒருவரை ஒருவர் மதித்து, பேசி முடிவெடுத்துப் பிரிகிற தம்பதிக்கு இந்தச் சட்டத்தில் இடமே கிடையாது. நல்லவர்களாகப் பிரிந்தால் விவாகரத்து இல்லை. விவாகரத்து வேண்டுமானால் யாராவது கெட்டவராக நடிக்க வேண்டும். அதாவது பொய் சொல்ல வேண்டும்.

இதே காலத்தில் இன்னொரு வழக்கு வகையும் இருந்தது. பிரிந்துபோன துணையைத் திரும்பவந்து சேர்ந்து வாழச் சொல்லி நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கலாம். உத்தரவை மீறினால் சிறை என்ற விதியை இங்கிலாந்து 1884-இல் எடுத்துவிட்டது. 1891-இல், கிளிதரோ ஊரில் மனைவியைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் அடைத்துவைத்த ஒரு கணவனின் வழக்கில், கணவனுக்கு அப்படி உரிமை இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. தன் நாட்டில் கைவிட்ட தண்டனையைப் பிரிட்டிஷ் நீதி இந்தியாவில் கைவிட்டிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பதினொரு வயதில் மணமுடிக்கப்பட்ட ருக்மாபாய் கணவன் வீட்டுக்குப் போக மறுத்ததற்காக, போய்ச் சேர் அல்லது ஆறு மாதச் சிறை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1887-இல் தீர்ப்புச் சொன்னது. சிறைக்கே போகிறேன் என்று அவர் சொன்னார். 1888-இல் பணம் கொடுத்துச் சமரசம் ஆனது. அவர் பின்னால் லண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பினார். சேர்ந்து வாழும் உரிமை கேட்கும் வழக்கு 1955-இன் இந்துத் திருமணச் சட்டத்தில் 9-ஆம் பிரிவாக இன்னமும் இருக்கிறது.

நாவலின் ஃபிலட்சன் இப்படி எந்த வழக்கும் போடுகிறவர் இல்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வகுப்பறைச் சீட்டுகள்

ஷாஸ்டனில் ஃபிலட்சன் பள்ளி நடத்துகிறார், சூவும் அதே பள்ளியில் பாடம் எடுக்கிறாள். ஓர் இரவு அவள் படுக்கையறைக்கு வரவில்லை. தேடிப் பார்த்தால் மாடிப்படிக்குக் கீழே துணி வைக்கும் சின்ன அறைக்குள், சிலந்திகளுக்கு நடுவில் படுத்திருக்கிறாள். உள்ளிருந்து கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறாள்.

மறுநாள் காலை அவள் தன்னைப் போகவிடும்படி கேட்கிறாள். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் எழுதிய ‘சுதந்திரம் குறித்து’ நூலிலிருந்து ஒரு வரியையும் எடுத்துவைக்கிறாள். தன் வாழ்க்கைத் திட்டத்தை உலகமே தேர்ந்தெடுத்துத் தரட்டும் என்று விட்டுவிடுகிறவர்களுக்குக் குரங்கைப் போலப் பார்த்துச் செய்கிற திறமை ஒன்றே போதும் என்பது அதன் சாரம். “அவள், அல்லது அவன்” என்று பெண்ணையும் சேர்த்துச் சொல்கிறாள். அது சூவின் கைவேலை. ஃபிலட்சனின் பதில், விக்டோரியா கால நாவல்களிலேயே மிக மனிதத்தனமான வரிகளில் ஒன்று: மில்லைப் பற்றி எனக்கு என்ன அக்கறை, எனக்கு நிம்மதியாக வாழ வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு இருவரும் பள்ளிக்குப் போகிறார்கள். பக்கத்துப் பக்கத்து வகுப்பறை. கண்ணாடித் தடுப்பு வழியாக அவருக்கு அவளுடைய பின்னந்தலை தெரிகிறது. பாடம் நடத்திக்கொண்டே ஒரு காகிதத்தைக் கிழித்து எழுதுகிறார்: நீ கேட்டதிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை, நிஜமாகத்தான் கேட்டாயா? ஒரு சின்னப் பையனிடம் கொடுத்தனுப்புகிறார். பையன் பதிலோடு வருகிறான்: வருத்தத்தோடு சொல்கிறேன், நிஜமாகத்தான் கேட்டேன். இப்படிப் பல சீட்டுகள். ஒரு கல்யாணம் முடிவுக்கு வருவதை, தாங்கள் எதைச் சுமந்து போகிறோம் என்றே தெரியாத குழந்தைகள் கையில் கொடுத்துக் காட்டுகிறார் ஹார்டி.

இன்னொரு நாள் ஃபிலட்சன் மறதியாக அவள் அறைக்குள் நுழைந்துவிட, சூ ஜன்னல் வழியே கீழே குதித்துவிடுகிறாள். அதன் பிறகு அவரால் அவளைத் தடுக்க முடியவில்லை. நண்பர் கில்லிங்கம் எவ்வளவோ தடுத்தும், அவளைப் போக அனுமதிக்கிறார். கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்புகிற கதை என்றால் வாசகருக்கு எளிது. ஹார்டி அந்த எளிய வழியை அடைத்துவிட்டார். ஃபிலட்சன் நல்ல மனிதர். சூவுக்கு அவர் மேல் மரியாதைகூட இருக்கிறது. உடம்புதான் ஒத்துக்கொள்ளவில்லை. அதை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் எழுதுவது?

பொய்யால் கிடைத்த விடுதலை

சூவும் ஜூட்டும் ஆல்ட்பிரிக்கம் நகரத்துக்குப் போகிறார்கள். அங்கே ஒரே வீட்டில் இருந்தாலும் நெடுநாள் கணவன் மனைவியாக வாழவில்லை. இதற்குள் ஜூட்டுக்கும் அரபெல்லாவுக்கும் விவாகரத்து ஆகிறது. ஃபிலட்சனும், மனைவி ஜூட்டோடு போய்விட்டாள் என்று வழக்குப் போடுகிறார். எதிர்வாதம் இல்லை. நீதிமன்றம் வழக்கம்போல் எடுத்துக்கொண்டு தீர்ப்புக் கொடுத்துவிடுகிறது.

மேலே சொன்ன நான்கு விதிகளை வைத்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்பில் இரண்டு ஓட்டைகள். எந்த உறவைச் சொல்லி விவாகரத்து வாங்கினார்களோ அது அப்போது நடக்கவே இல்லை. நடந்திருந்தாலும், கணவன் தானே அனுப்பிவைத்தவர், இடம் கொடுத்தவர். உண்மை தெரிந்திருந்தால் குயின்ஸ் ப்ராக்டருக்கு வேலை வந்திருக்கும்.

சூவுக்கு இது உறுத்துகிறது. என் சுதந்திரம் ஒரு பொய்யைக் காட்டி வாங்கியதுபோல் இருக்கிறதே என்கிறாள். ஜூட்டின் சமாதானம் கவனிக்க வேண்டியது: நம்மைப் போன்ற ஏழை பாழைகளாக இருப்பதில் இது ஒரு வசதி, யாரும் கிளறிப் பார்க்க மாட்டார்கள், அரபெல்லா செய்த இரண்டாம் கல்யாணத்தையும் அப்படித்தான் யாரும் விசாரிக்கவில்லை. நாவலின் தலைப்பில் உள்ள ‘அப்ஸ்க்யூர்’ என்ற சொல், உலகம் கண்டுகொள்ளாதவன் என்ற பொருளில், இங்கே முதல் தடவையாக அவனுக்கு ஒரு நன்மை செய்கிறது.

ஜூட் இதைச் சிரித்துக் கடந்துவிடுகிறான். சூவால் முடியவில்லை. நிஜமில்லாத ஒன்றின் மேல் கிடைத்த சுதந்திரம் நிஜமான சுதந்திரமா என்ற கேள்வி அவளுக்குள் தங்கிவிடுகிறது. கடைசியில் அவள் உடைவது இந்தக் கீறலில்தான் என்பது என் எண்ணம்.

உண்மை சொன்னவர்களுக்கு என்ன ஆனது?

நாவல் முழுவதும் யார் பொய் சொல்கிறார்கள், யார் உண்மை சொல்கிறார்கள் என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு படித்தால் விசித்திரமான ஒழுங்கு ஒன்று தெரியும்.

அரபெல்லா கர்ப்பம் என்று சொன்னாள், கல்யாணம் கிடைத்தது. கல்யாணமே ஆகாதவள் போல இன்னொருவனைக் கட்டினாள், தண்டனை எதுவும் வரவில்லை. அந்த இரண்டாவது கணவன் லண்டன் லாம்பெத்தில் மதுக்கடை நடத்துகிறவன். வசதியாகவே வாழ்ந்தாள்.

ஃபிலட்சன் உண்மை சொன்னார். மனைவி எங்கே என்று பள்ளி நிர்வாகக் குழு கேட்டபோது, நான்தான் போக அனுமதித்தேன் என்றார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் வேலை தப்பியிருக்கும். ஓடிப்போய்விட்டாள் என்றிருந்தால் அனுதாபமே கிடைத்திருக்கும். அனுமதித்தேன் என்றதுதான் மன்னிக்க முடியாத குற்றமாகப் போயிற்று. ஆசிரியரின் சொந்த வாழ்க்கை பிள்ளைகளின் ஒழுக்கத்தைத் தொடுகிறது, ஆகவே அது எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று ராஜினாமா கேட்டார்கள். இதற்காக நடந்த கூட்டத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் அவருக்கு எதிராக நின்றார்கள். ஆதரித்துப் பேச வந்தவர்கள் சந்தைக்குச் சந்தை போகிற ஆட்கள்: ராட்டினக்காரர், துப்பாக்கி சுடும் கடைக்காரர், குத்துச்சண்டை வித்தை காட்டுபவர்கள், துடைப்பம் விற்பவர்கள். கைகலப்பு. கரும்பலகை பிளந்தது. பாலஸ்தீன வரைபடத்தால் ஒருவர் ஓங்கி அடித்ததில் தேவாலய நிர்வாகி ஒருவரின் தலை சமாரியா பகுதியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. இவ்வளவு இருண்ட நாவலில் ஹார்டி வாய்விட்டுச் சிரித்த இடம் இதுவாகத்தான் இருக்கும். ஆனாலும் வேலை போனது. கடைசியில் ஃபிலட்சன், தான் தொடங்கிய அதே மேரிகிரீன் பள்ளிக்கே குறைந்த சம்பளத்தில் திரும்புகிறார்.

சூ உண்மை சொன்னது கிறிஸ்ட்மின்ஸ்டரில், வாடகை அறையில். அதற்கு முன் ஒரு வார்த்தை: அவளும் ஜூட்டும் விவாகரத்துக்குப் பிறகு ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை? முயற்சி செய்தார்கள். பதிவாளர் அலுவலகம் வரை போனார்கள். அங்கே வரிசையில் நின்ற ஜோடிகளைப் பார்த்தார்கள். பிள்ளைத்தாய்ச்சியாக நின்ற பெண்ணோடு ஒரு சிப்பாய். அன்று காலையில்தான் சிறையிலிருந்து வெளியே வந்த ஓர் ஆள், அவனைக் கூட்டிக்கொண்டு வந்த அவனுடைய பெண். மனம் வராமல் திரும்பினார்கள். அன்பு இருக்கிறவரை காகிதம் வேண்டாம், காகிதம் வந்தால் அன்பு கடமையாகிவிடும் என்பது சூவின் பயம். முதல் கல்யாணத்தில் சூடுபட்ட இருவருடைய பயம் அது. கொள்கை என்பதைவிடத் தழும்பு என்பதே பொருந்தும்.

ஆல்ட்பிரிக்கத்தில் ஒரு தேவாலயத்தில் பத்துக் கட்டளைகளை மறுபடி எழுதும் வேலை இருவருக்கும் கிடைக்கிறது. இவர்கள் கல்யாணமாகாதவர்கள் என்று ஊர் கிசுகிசுக்க, வேலை பாதியில் பறிபோகிறது. அப்போது ஒருவர் சொல்லும் பழைய கதை ஒன்று வருகிறது. எப்போதோ ஓர் ஊரில் குடித்துவிட்டுக் கட்டளைகளை எழுதிய வேலையாட்கள் எல்லா வரியிலும் ‘செய்யாதே’யில் இருக்கும் மறுப்பை மட்டும் விட்டுவிட்டார்களாம்.

இனி அந்த வாடகை அறை. மூன்று பிள்ளைகள். மூத்தவன் அரபெல்லாவுக்கும் ஜூட்டுக்கும் பிறந்தவன். அரபெல்லா அவனை ஜூட்டிடம் அனுப்பிவைத்துவிட்டாள். சூ மறுபடி பிள்ளைத்தாய்ச்சி. வீட்டுக்காரி கேட்கிறாள்: நீ நிஜமாகவே கல்யாணமானவள்தானா? “ஆமாம்” என்ற ஒரு சொல் போதும். சூ தயங்கிவிட்டு முழுக் கதையையும் சொல்கிறாள். எங்கள் இருவருக்கும் முதல் கல்யாணம் சரியில்லை, மறுபடி செய்துகொள்ள இரண்டு மூன்று தடவை போயும் துணிவு வரவில்லை, என் அர்த்தத்தில் நான் கல்யாணமானவள், உங்கள் அர்த்தத்தில் இல்லை என்கிறாள். மறுநாளே காலி செய்யச் சொல்லிவிடுகிறார்கள். வேறு இடம் தேடிப் போன எல்லா வாசலிலும் மறுப்பு.

அன்று இரவு அந்தப் பையன் கேட்கிறான், நாங்கள் இருப்பதால்தானே உங்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்று. சூ அவனிடமும் பொய் சொல்லவில்லை. இன்னொரு குழந்தையும் வரப்போகிறது என்கிறாள். விடிந்து பார்த்தால் பையன் மற்ற இரண்டு குழந்தைகளையும் கொன்றுவிட்டுத் தானும் தூக்கில் தொங்குகிறான். நாங்கள் அதிகம் பேர் இருப்பதால் செய்தது என்று எழுத்துப் பிழையோடு ஒரு துண்டுக் காகிதம்.

இந்தக் காட்சி நம்பும்படி இல்லை என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பையனின் பாத்திரம் மனிதக் குழந்தையைவிடச் சகுனம்போல எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய நாள் வீட்டுக்காரியிடம் நடந்த பேச்சில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. கதையின் திருப்பம் உண்மையில் அந்த வாசலில் நடந்துவிட்டது.

சூ போடும் கணக்கு

வயிற்றில் இருந்த பிள்ளையும் குறைமாதத்தில் இறந்து பிறக்கிறது. அதன்பின் சூ தேவாலயத்திலேயே கிடக்கிறாள். முன்பு இதே ஊரில் வீனஸ், அப்பல்லோ சிலைகளை வாங்கிவந்து, தங்கியிருந்த வீட்டுப் பக்திமானிடம் பீட்டரும் மேரி மக்தலேனாவும் என்று சொல்லிச் சமாளித்தவள் அவள். புதிய ஏற்பாட்டைக் கத்திரித்து, எழுதப்பட்ட கால வரிசையில் மறுபடி அடுக்கி வாசித்தவளும் அவள்தான். இப்போது சிலுவைக்குக் கீழே தரையில் குப்புறக் கிடக்கிறாள்.

அவள் சொல்வதைப் பைத்தியம் என்று தள்ளாமல் வரிசையாக வைத்துப் பார்க்கலாம்:

1. அரபெல்லாவின் பிள்ளை என் பிள்ளைகளைக் கொன்றது தண்டனை. சரியானது தவறானதைக் கொன்றது.

2. ஆகவே அரபெல்லாதான் ஜூட்டின் நிஜ மனைவி. நான் ஃபிலட்சனின் மனைவி.

3. ஆகவே திரும்பிப் போக வேண்டும்.

முதல் வரியில் வரும் ‘சரி’, ‘தவறு’ என்ற பிரிவை அவள் கனவு கண்டு சொல்லவில்லை. அது அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தின் பிரிவு. மணவாழ்வில் பிறந்த பிள்ளை வாரிசு. மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை சட்டத்தின் பார்வையில் யாருடைய பிள்ளையும் இல்லை. பெற்றோர் பின்னால் கல்யாணம் செய்துகொண்டாலும் அந்தப் பிள்ளைக்கு அந்தஸ்து வராது. அந்த விதி மாறியது 1926-இல். சூ, துக்கத்தின் உச்சத்தில், பதிவேட்டில் இருக்கிற பாகுபாட்டைக் கடவுளின் தீர்ப்பாகப் படித்துவிடுகிறாள். ஊர் அவளிடம் இத்தனை வருடம் சொல்லிவந்ததை அவளே தனக்குச் சொல்லிக்கொள்கிறாள். இனிமேல் ஊருக்கு வேலை இல்லை.

இரண்டாவது வரியில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. தேவாலயத்தில் செய்த கல்யாணத்தை எந்த நீதிமன்றமும் பிரிக்க முடியாது, நான் இன்னும் ஃபிலட்சனின் மனைவிதான் என்கிறாள். அப்படியானால் அப்படியே போய் வாழலாம், இன்னொரு கல்யாணம் எதற்கு? ஆனால் சட்டப்படி அவர்கள் அந்நியர்கள், ஆகவே மறுபடி சடங்கு வேண்டியிருக்கிறது. விவாகரத்து பொய் என்று சொல்லிக்கொண்டே, விவாகரத்து உண்மை என்று ஒப்புக்கொள்ளும் காரியத்தை அவள் செய்கிறாள். இதைத்தான் விமர்சகர்கள் அவளுடைய குழப்பம் என்றார்கள். அந்தக் குழப்பம் முழுக்க அவளுடையது என்று எனக்குத் தோன்றவில்லை. திருச்சபை ஒன்று சொல்ல, நீதிமன்றம் இன்னொன்று சொல்ல, இரண்டையும் ஒரே மனதுக்குள் வைத்துக்கொண்டு நாட்டில் பாதிப்பேர் அதைப் பற்றி யோசிக்காமலே வாழ்ந்தார்கள். சூ யோசித்தாள்.

மேரிகிரீனில் கல்யாணத்துக்கு முந்தைய நாள் அவள் அழகான பூவேலை செய்த இரவுடை ஒன்றைக் கிழித்து அடுப்பில் போடுகிறாள். ஜூட்டுக்காக வாங்கியது. பக்கத்து வீட்டு எட்லின் கிழவி பதறுகிறாள். இந்தக் காலத்தில் கல்யாணம் எல்லாம் சாவு வீடாத்தான் இருக்கு, எனக்குக் கல்யாணமாகி ஐம்பத்தைந்து வருஷம் ஆச்சு, காலம் ரொம்ப மாறிப்போச்சு என்று பிறகு அவள் புலம்புகிறாள். தத்துவம் பேசுகிற நான்கைந்து பேர் இருக்கும் கதையில் நிலைமையைச் சரியாகச் சொன்னவள் படிக்காத இந்தக் கிழவிதான்.

ஃபிலட்சனும் இந்த முறை பழைய ஃபிலட்சன் இல்லை. விவாகரத்தின்போது சூ குற்றமற்றவளாகவே இருந்தாள் என்று அரபெல்லா வழியில் பார்த்துச் சொல்லிவிட்டாள், மனைவியை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும் என்று உபதேசமும் செய்தாள். அவர் மனதில் நியாயம் ஒரு பக்கம், இழந்த மரியாதையும் வேலையும் திரும்பும் என்ற நினைப்பு மறுபக்கம். மில்லை மேற்கோள் காட்டியவளின் பேச்சைக் கேட்டு ஒருமுறை தெருவுக்கு வந்தவர், இரண்டாம் முறை ஊர் சொல்வதைக் கேட்கிறார்.

புத்தகத்துக்கும் அதே கதிதான்

இந்த நாவல் முதலில் 1894 டிசம்பரிலிருந்து ‘ஹார்ப்பர்ஸ்’ மாத இதழில் தொடராக வந்தது. குடும்பப் பத்திரிகை என்பதால் வெட்டி, மாற்றி, மழுப்பித்தான் வர முடிந்தது. உண்மையை மறைத்த வடிவத்துக்கு அவ்வளவு பெரிய எதிர்ப்பு வரவில்லை. முழு வடிவம் புத்தகமானதும் வேக்ஃபீல்ட் பிஷப் அதை நெருப்பில் போட்டதாக அறிவித்தார். டபிள்யூ. எச். ஸ்மித் வாடகை நூலகத்திலிருந்தும் அதை எடுக்க வைத்தார். என்னை எரிக்க முடியாத வருத்தத்தில் புத்தகத்தை எரித்தார் போலும் என்று ஹார்டி 1912-இல் எழுதினார். யாராவது ஒருவருக்குக் கொடுமையாக மாறியவுடனே ஒரு கல்யாணம் கலைக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று தன் கருத்தையும் அதே பின்னுரையில் வைத்தார். புதிதாக நாவல் எழுதுவதை இந்தப் புத்தகத்தோடு நிறுத்திவிட்டுக் கவிதைக்குப் போனார்.

ஜூட்டின் படிப்பு ஆசையையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டில் மதச் சோதனைகளை 1871-இன் சட்டம் நீக்கியது. பணச் சோதனையை எந்தச் சட்டமும் நீக்கவில்லை. அவன் எழுதிய கடிதங்களுக்கு ஒரே ஒரு கல்லூரித் தலைவர் பதில் போட்டார்: உன் தொழிலிலேயே இரு. உழைப்பாளர்களுக்கென்று ரஸ்கின் கல்லூரி ஆக்ஸ்ஃபோர்டில் 1899-இல் வந்தபோது அதற்கு ஜூட்டின் பெயரையே வைத்திருக்கலாம் என்று சிலர் சொன்னதாக ஹார்டி குறிப்பிடுகிறார்.

கடைசிப் பொய்

சூ போனபின் அரபெல்லா ஜூட்டை நாள்கணக்கில் குடிக்க வைத்து, அந்த மயக்கத்திலேயே தேவாலயத்துக்குக் கூட்டிப்போய் மறுபடி கட்டிக்கொள்கிறாள். சட்டப்படி செல்லுபடியாகும் கல்யாணம். கலைந்துபோன இரண்டு ஜோடிகளும் பழையபடி சேர்ந்தாயிற்று. ஒன்றைச் சேர்த்தது துக்கம், மற்றதைச் சேர்த்தது சாராயம். ஊருக்கு இரண்டுமே திருப்தி.

முப்பது வயதை ஒட்டி, நெஞ்சு நோயோடு ஜூட் படுக்கையில் கிடக்கிறான். அன்று கிறிஸ்ட்மின்ஸ்டரில் திருவிழா, ஆற்றில் படகுப் போட்டி. அரபெல்லா அறைக்கு வந்து பார்க்கிறாள். உயிர் போயிருக்கிறது. வெளியே சத்தம், கொண்டாட்டம். போகும் வழியில் அவனோடு கல் வேலை செய்தவர்கள் எதிரே வந்து, ஜூட் எப்படி இருக்கிறான் என்று கேட்கிறார்கள்.

நன்றாகத் தூங்குகிறான், இப்போதைக்கு எழுந்திருக்க மாட்டான் என்கிறாள் அவள். சொல்லிவிட்டுப் படகு பார்க்கப் போகிறாள்.